வாய்பேசா உயிரும் வயிற்றுத் தீயும்

வாயில்லாப் பிராணி என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். சற்று எண்ணிப் பார்த்தால் இது விந்தையான தொடர். வாய் இல்லாத நாயும் இல்லை, மாடும் இல்லை. உண்பதற்கும் கடிப்பதற்கும் நக்கி அன்பு காட்டுவதற்கும் அவற்றுக்கு வாய் இருக்கத்தான் செய்கிறது. இல்லாதது மொழி ஒன்றே. அதுவும் முழு உண்மை அன்று. அவற்றுக்கென ஒரு மொழி உண்டு, அதைக் கற்க நாம் முயலவில்லை என்பதே சரி. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து, அண்டை வீட்டாரின் மொழியைக் கடைத்தெருவிலும் பேருந்திலும் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்ட நம் போன்ற குடும்பங்களிடம் இக்குறையைச் சொல்லலாம் என்று கருதுகிறோம். எங்கள் வீட்டில் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் வாழ்ந்த ஓர் உயிரின் மொழி எங்களுக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய பிழை, எங்கள் மொழியில் நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை உரிய வேளையில் சொல்லவில்லை. அந்த உயிரை இழந்தோம்.

எங்கள் தந்தையார் 1968ஆம் ஆண்டில் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து வேலை தேடிப் பெங்களூர் வந்தவர். தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அல்சூரில் ஒண்டுக் குடித்தனம் அமைந்தது. காலம் செல்ல, அதே பகுதியில் சிறு வீடொன்றும் அமைந்தது. 18 ஆண்டுகள் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலை, 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் அல்சூர் ஏரியருகே திறந்து வைக்கப்பட்டதை இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூட்டம் கலைந்த பின் நாங்கள் வீடு திரும்பும்போது, தள்ளுவண்டி ஒன்றின் அடியில் ஒரு நாய்க்குட்டி சுருண்டு கிடந்தது. அதன் கழுத்தில் யாரோ கயிற்றில் கோத்துக் கட்டிய ஒரு சிறு மணி இருந்தது. அண்ணனின் மகள் அதைத் தூக்கிக்கொண்டாள். மணி என்ற பெயர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள்ளாகவே அதற்கு அமைந்துவிட்டது.

மணி எங்களோடு வளர்ந்தது. நாங்கள் உண்டதெல்லாம் அதுவும் உண்டது. நாய்க்கென்று தனியே சமைப்பதை எங்கள் அம்மா ஒருவகைத் தீண்டாமையாகவே கருதினார். “நாம தின்கிறது அதுக்கு ஆகாதா?” என்பார். அந்தக் கேள்வியில் இருந்த அன்பை நாங்கள் இன்றும் மதிக்கிறோம். ஆனால் அது கேள்வி என்பதையும், அதற்கு விடை ஒன்று உண்டு என்பதையும் அன்று நாங்கள் உணரவில்லை.

2018ஆம் ஆண்டின் மார்கழிக் குளிரில் மணி பின்னங்காலை ஊன்ற இயலாமல் நொண்டத் தொடங்கியது. வயது ஒன்பதைத் தாண்டியிருந்தது. அம்மாவுக்கும் முழங்கால் வலி உண்டு. அதற்காக அவர் இபுபுரூஃபன் மாத்திரைகள் வைத்திருந்தார். தன் வலிக்கு ஆகும் மருந்தில் ஒரு பங்கைப் பிறிதோர் உயிரின் வலிக்குக் கொடுப்பதில் என்ன தவறு இருக்க முடியும்? இட்லித் துண்டுக்குள் மாத்திரையைப் பொதிந்து, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக ஆறு நாட்கள் கொடுத்தார். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். நொண்டல் குறைந்தபோது எல்லாரும் மகிழ்ந்தோம்.

போகியன்று மணி உணவைப் பாதியில் விட்டு எழுந்தது. மறுநாள் பொங்கல். நெய்யும் முந்திரியும் உலர்ந்த திராட்சையும் இட்ட சர்க்கரைப் பொங்கல், வெங்காயம் அரிந்து போட்ட வடை ஆகியவற்றை, அது வேண்டாமென முகத்தைத் திருப்பியும், “நல்ல நாளில் வெறும் வயிறாக இருக்கலாமா” என்று வற்புறுத்தி ஊட்டினோம். இரவில் வாந்தி எடுத்தது. மாட்டுப் பொங்கலன்று காலை மஞ்சள் நிற நுரையாகக் கக்கியது. பிறகு ஒன்று செய்தது. முன்னங்கால்களை நீட்டி மார்பைத் தரையோடு தாழ்த்தி, பின்புறத்தை மட்டும் உயர்த்தி அசையாமல் நின்றது. குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். “பாட்டி, மணி சாமி கும்பிடுது!” என்றார்கள். நாங்களும் சிரித்தோம். படம் பிடித்தோம்.

அந்நிலை வயிற்று வலியின் அடையாளம் என்பதைப் பிறகு அறிந்தோம். வயிற்றின் மீது அழுத்தம் படாதிருக்க நாய் தானாகவே கண்டுகொள்ளும் இருக்கை அது. விளையாட அழைக்கும் நாயும் அவ்வாறு குனியும்; ஆனால் அதன் வால் ஆடும், அடுத்த நொடி துள்ளும். வலியால் குனியும் நாய் துள்ளுவதில்லை. வேறுபாடு அவ்வளவே. அந்த வேறுபாட்டைப் படிக்க எங்களுக்குத் தெரியவில்லை. அன்று மாலை அது கழித்த மலம் தார்போல் கறுத்திருந்தது. அம்மா மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். மணி அதையும் கக்கிவிட்டது.

காணும் பொங்கலன்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஹெப்பாளுக்குப் போனோம். 1958ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. அதன் மருத்துவமனைக் கூடத்தில் ஆடும் பூனையும் கன்றும் நாயும் தத்தம் மனிதர்களோடு காத்திருந்தன. மணியைப் பார்த்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். வயிற்றை மெல்ல அழுத்தினார். ஈறுகளை விரலால் தொட்டு நிறம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அம்மாவைக் கேட்டார்: “ஏனு கொட்ரி அம்மா?” என்ன கொடுத்தீர்கள் என்பது பொருள். அம்மா, “தயிர்ச் சோறுதான்” என்றார். மருத்துவர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். “அது ஹேளல்ல, நீவே ஹேளபேகு” என்றார். அது சொல்லாது, நீங்கள்தாம் சொல்ல வேண்டும். நாங்கள் ஐவர் அங்கே நின்றிருந்தோம். ஐவரும் வாய் திறக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை எங்களை நாங்களே கேட்டுக்கொள்கிறோம். மருத்துவரின் குரலில் இருந்த ஏதோ ஒன்று, கொடுத்தது தவறு என்பதை எங்களுக்கு உணர்த்திவிட்டது. அம்மாவைப் பிறர் முன்னே தலைகுனிய வைக்க மக்களுக்கு மனம் வரவில்லை. அம்மாவோ, வீட்டில் யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்ததாகப் பின்னர் கூறினார். ஆக, ஒருவர் மானத்தை மற்றவர் காத்தோம். மேசைமேல் கிடந்த உயிரை யாரும் காக்கவில்லை. அன்று அந்த அறையில் வாயில்லாப் பிராணி மணி அன்று, நாங்கள்தாம்.

மருத்துவர் வைத்த பெயர் இரைப்பை அழற்சி. அழற்சி என்ற சொல் அழல் என்பதிலிருந்து வந்தது. தீ என்று பொருள். நோவு என்ற சொல் கன்னடத்திலும் அவ்வாறே வழங்குகிறது. நம் வயிறு என்னும் சொல்லோடு உறவுடைய பசிரு என்ற கன்னடச் சொல் இன்று கருவைக் குறிக்கிறது. வயிற்றையும் வலியையும் குறிக்க உறவுச் சொற்களை வைத்திருக்கும் இரு மொழிகளின் மக்கள் அங்கே எதிரெதிரே நின்றோம். மொழி புரியாததனால் எங்களுக்குள் தடை எழவில்லை என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிடுகிறோம்.

இரைப்பையில் தீ எப்படிப் பற்றுகிறது? இரைப்பை நாள்தோறும் தன்னுள்ளே சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இறைச்சியையே கரைக்க வல்லது. அப்படியானால் அது இரைப்பையையே கரைக்காதிருப்பது எப்படி? உட்சுவரின் மேல் வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று போர்வைபோல் மூடிக் காக்கிறது. அந்தப் போர்வையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கத் தூண்டுபவை புரோஸ்டாகிளாண்டின் எனப்படும் பொருள்கள். அதே குடும்பத்துப் பொருள்கள்தாம் மூட்டில் வீக்கத்தையும் வலியையும் எழுப்புகின்றன. ஆஸ்பிரின் போன்ற வலி மருந்துகள் இப்பொருள்கள் உண்டாவதைத் தடுத்தே வலியை ஆற்றுகின்றன என்பதை ஆங்கிலேய அறிஞர் ஜான் வேன் 1971இல் காட்டினார். அதற்காக 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மூட்டில் தீயை அணைக்கும் மாத்திரை, இரைப்பையின் போர்வையையும் உருவிவிடுகிறது. பிறகு அமிலம் சுவரைத் தின்கிறது; புண் உண்டாகிறது; குருதி கசிகிறது. கசிந்த குருதி அமிலத்தில் பட்டுக் கறுத்து, தார் போன்ற மலமாக வெளிவருகிறது. மனிதருக்கும் இவ்வாறு நேர்வதுண்டு. ஆனால் நாயின் உடல் இபுபுரூஃபனை மனித உடல்போல விரைந்து வெளியேற்றுவதில்லை. மருந்து உள்ளேயே தங்கித் தங்கித் தன் வேலையைச் செய்கிறது. சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தையும் குறைத்துவிடுகிறது. அம்மாவின் முழங்காலுக்கு மருந்தாயிருந்தது மணியின் வயிற்றுக்கு நஞ்சாயிற்று.

அன்று நரம்பு வழியே நீர் ஏற்றினார்கள். வாந்தியை நிறுத்த ஊசி போட்டார்கள். உணவு ஏதும் தரவேண்டாம், நாளை மீண்டும் கொண்டுவாருங்கள் என்றார்கள். இரவில் தந்தையார் உறங்கவில்லை. அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டைகளை எடுத்து எண்ணிக்கொண்டிருந்தார். விடிந்ததும் எங்கள் யாரிடமும் ஒன்றும் பேசாமல், வெற்று அட்டைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். மருத்துவரின் மேசைமேல் அவற்றை வைத்து, “இதுதாம்மா கொடுத்தோம். பன்னிரண்டு” என்றார். மருத்துவர் சினக்கவில்லை. அட்டையின் பின்புறத்து எழுத்துகளைப் படித்தார். “நின்னே ஹேளபேகித்து” என்று மட்டும் சொன்னார். நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

குருதிச் சோதனையில் சிறுநீரகங்கள் பழுதுபட்டிருப்பது தெரிந்தது. பொங்கலில் இட்ட திராட்சையும் நாயின் சிறுநீரகத்துக்குத் தீங்கானது என்று அப்போதுதான் கேள்விப்பட்டோம். அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் புண்ணை மூடும் மருந்தும் கொடுத்தார்கள். ஒருநாள் முன்னதாகத் தொடங்கியிருந்தால் மணி பிழைத்திருக்குமா என்பதை மருத்துவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், அம்மாவின் காலடியில், அது தலை சாய்த்தது. கடைசிவரை அவர் கையை நக்கிக்கொண்டிருந்தது. மாத்திரையைப் பொதிந்து கொடுத்த அதே கை.

இத்துயரத்துக்குப் பிறகு, நாயின் வயிற்றைப் பற்றி அறிய முற்பட்டோம். அறிந்தவற்றுள் ஒன்று எங்களைப் பெரிதும் நாணச் செய்தது. மனிதன் தன் வயிற்றைப் பற்றி அறிந்ததில் பெரும்பகுதி நாய் கற்றுக்கொடுத்ததே. இத்தாலியின் டூரின் நகரில் பிட்சொசேரோ என்னும் அறிஞர், நாய்களின் இரைப்பைச் சுரப்பிகளில் சுருள் வடிவ நுண்ணுயிர்கள் வாழ்வதை 1893இலேயே எழுதி வைத்தார். மனித இரைப்பையின் சுருள் நுண்ணுயிரே புண்ணுக்கும் அழற்சிக்கும் காரணமாவதை ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் நிலைநாட்டத் தொடங்கியது 1982இல்தான். அதற்காக 2005இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். ரஷ்யாவின் பாவ்லோவ் 1904இல் நோபல் பரிசு பெற்றதும் செரிமானம் பற்றிய ஆய்வுக்கே. நாய்களின் வயிற்றில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இரைப்பை நீர் எப்போது, எவ்வளவு சுரக்கிறது என்று அவர் அளந்தார். அவ்வாறு வடித்தெடுத்த நீர், செரியாமையால் வருந்திய மனிதருக்கு மருந்தாக அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து விற்கப்பட்டது. நம் வயிற்றைக் காக்கத் தன் வயிற்றைத் திறந்து காட்டிய உயிர் அது. அதன் வயிற்றைப் பற்றி நாம் அறிந்திருப்பது என்ன?

நாயோடு இது முடிந்துவிடவில்லை. அந்த மாட்டுப் பொங்கலன்று எங்கள் தெருவில் திரிந்த பசு ஒன்றுக்கும் பலர் வாழையிலை நிறையப் பொங்கல் இட்டார்கள். நாங்களும் இட்டோம். மாட்டின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. முதல் அறை மட்டுமே நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் பெருந்தொட்டி. அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் மெல்லப் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. அங்கே திடீரென்று மிகுதியான வேகவைத்த அரிசி போய் விழுந்தால், அது விரைந்து புளித்து அமிலமாகிவிடும். வழக்கமான நுண்ணுயிர்கள் மடிய, அறையின் உட்சுவர் வெந்து அழற்சி கொள்ளும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், சில வேளை எழ முடியாமல் படுத்துவிடும். ஆண்டெல்லாம் உழைத்ததற்கு நன்றி சொல்லும் திருநாளில், நன்றியே நோயாகிவிடுகிறது. ஒரு கைப்பிடி பொங்கல் போதும். மற்றது புல்லாக இருக்கட்டும்.

திருநாள் அல்லாத நாட்களிலும் நம் கை சும்மா இருப்பதில்லை. மீந்த சோற்றைக் குப்பையில் கொட்டுவது பாவம் என்று எண்ணி, பிளாஸ்டிக் பையில் முடிந்து தெருமுனையில் வைக்கிறோம். மாடாவது தின்னட்டும் என்கிறோம். மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கக் கையில்லை. சோற்றின் மணத்துக்காகப் பையோடு விழுங்குகிறது. நாயைப்போல் மாடு எளிதில் வாந்தி எடுக்கவும் முடியாது. பை பையாகச் சேர்ந்து முதல் அறையை அடைத்துக்கொள்கிறது. குப்பையிலுள்ள ஆணியும் கம்பியும் தீனியோடு உள்ளே போனால், தேன்கூடு போன்ற இரண்டாம் அறையில் தங்கும். அவ்வறை சுருங்கி விரியும்போது கம்பி சுவரைத் துளைக்கும்; அருகேயுள்ள நெஞ்சுப்பையையும் குத்தும். பெங்களூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள புட்டபர்த்தியில் இயங்கும் கருணா சொசைட்டி, பசுக்களின் வயிற்றை அறுத்துப் பிளாஸ்டிக்கை அகற்றி, இக்கொடுமையை 2012இல் உச்ச நீதிமன்றம்வரை கொண்டு சென்றது. கர்நாடக அரசு 2016இல் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. ஆயினும் தெருமுனையில் இன்றும் பை கிடக்கத்தான் செய்கிறது. மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி இருந்தது; கன்றை இழந்த பசு அதை இழுத்து அடித்தது என்பது கதை. நம் தெருப் பசுவின் வழக்கு அதன் வயிற்றுக்குள்ளேயே கிடக்கிறது. இழுத்து அடிக்க அதற்கு மணி இல்லை.

இவ்வளவும் படித்து, மனிதனால் விலங்குக்குத் தீங்குதான் விளையும் போலும் என்று அன்பர்கள் சோர்ந்துவிட வேண்டாம். எங்கள் பாட்டனார் தம் ஊரில் வெக்கை நோய் வந்த ஆண்டைப் பற்றிச் சொல்வார். வெக்கை என்றாலும் வெப்பந்தான். அழற்சிக்கு நம் உழவர் இட்ட பெயர் போலும் அது. காய்ச்சல் கண்டு, வாய் புண்ணாகி, இரைப்பையும் குடலும் வெந்து, கழிந்து கழிந்தே மாடு மாண்டுபோகும். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருக்கும். “மாடு அழுதுச்சுப்பா, நாங்களும் அழுதோம்” என்பார். ஒரே வாரத்தில் கொட்டில் வெறுமையாகிவிட்டதாம். அந்த நோயை எதிர்க்கும் சீரம் தயாரிப்பதற்காகவே அன்றைய மைசூர் அரசு 1925இல் ஹெப்பாளில் ஒரு நிலையத்தை அமைத்தது. நாங்கள் மணியைத் தூக்கிக்கொண்டு போன அதே ஹெப்பாள்தான். பிறகு தடுப்பூசிகள் வந்தன; ஊர் ஊராகக் கொட்டில் கொட்டிலாகச் சென்று போட்டார்கள். இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995இல். 2011ஆம் ஆண்டில் அது உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனித இனம் பெரியம்மைக்குப் பின் முற்றிலும் ஒழித்த இரண்டாவது நோய் அதுவே. எங்கள் பாட்டனார் அதை அறியாமலே மறைந்தார். விலங்கின் வயிற்றுத் தீயை அணைக்க மனிதன் மனம் வைத்தால் இயலும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நாய்க்குட்டிகளின் வயிற்றைத் தாக்கும் பார்வோ என்னும் நச்சுயிர் 1978 அளவில் உலகெங்கும் பரவியது. குடலின் உட்சுவரை அது அரித்துவிடும். குட்டி வாந்தியெடுத்து, குருதியாகக் கழிந்து, சில நாட்களில் இறந்துவிடும். மண்ணில் பல மாதங்கள் அழியாமல் கிடக்கவும் வல்லது. அதற்கும் தடுப்பூசி உண்டு. குட்டி பிறந்த ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, நான்கு மாதம் நிறையும்வரை சில வார இடைவெளியில் போட்டு, ஓராண்டில் மீண்டும் போடவேண்டும். தெருவிலிருந்து குட்டியைத் தூக்கி வரும் பிள்ளைகளை நாம் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. நேரே மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் போதும்.

நாங்கள் விலை கொடுத்துக் கற்றவற்றுள் சில எல்லாருக்கும் பயன்படும். வீட்டிலுள்ள வலி மருந்து எதையும் விலங்குக்குக் கொடுக்கலாகாது. பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக் கூடும். வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியணுக்களைச் சிதைக்கும். சாக்லேட்டும் திராட்சையும் ஆகா. நெய் மிகுந்த விருந்து வயிற்றைக் கலக்கும். ஒருமுறை வாந்தியெடுத்துவிட்டுப் பழையபடி ஓடியாடும் நாயைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; புல் தின்பதும் நாய்க்கு இயல்பே. ஆனால் மீண்டும் மீண்டும் வாந்தி, குடித்த நீரும் தங்காமை, வாந்தியில் குருதி, கறுத்த மலம், குனிந்து அசையாமல் நிற்றல், வயிறு உப்பியும் ஒன்றும் வெளிவராமல் ஓங்கரித்தல், இவற்றில் எது கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்று. திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தின் பெரும்பகுதி, எதை, எவ்வளவு, எப்போது உண்பது என்பதைப் பற்றியே அமைந்திருக்கிறது. அதன் நிறைவுக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளை வகுக்கிறார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்று மூன்றோடு நிறுத்தவில்லை. உடனிருந்து மருந்து ஊட்டுபவனையும் நான்காவதாகச் சேர்க்கிறார். நோயுற்றது பேசாத உயிராயின், அந்த நான்காமவரே அதன் நாவாகவும் இருக்க வேண்டும். அந்த நா பொய் சொன்னாலும், நாணத்தால் அடங்கினாலும், மற்ற மூன்றும் பயனற்றுப் போகின்றன. எங்கள் வீட்டில் ஐந்து நாக்கள் இருந்தன.

பிள்ளைகளையும் முதியோரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போதும் இது பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நாம் கொடுத்த கைமருந்தையும், கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையையும் மறைத்து, “ஒன்றும் கொடுக்கவில்லை” என்று சொல்லும் பழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அன்பினால் செய்த பிழையை ஒப்புக்கொள்வது, வேண்டுமென்று செய்த பிழையை ஒப்புக்கொள்வதைவிடக் கடினம் போலும்.

மணியின் கழுத்தில் கிடந்த அந்தச் சிறு மணியை அம்மா மருந்து அலமாரியின் கைப்பிடியில் கட்டி வைத்திருக்கிறார். அலமாரியை யார் திறந்தாலும் அது ஒலிக்கிறது. அண்ணன் மகள் வளர்ந்து கல்லூரிக்குச் சென்றுவிட்டாள். பொங்கலுக்கு வீடு வந்தவள், தெருவிலிருந்து மற்றொரு குட்டியைக் கொண்டு வந்தாள். அம்மா நெடுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு எழுந்து, உப்பிடாமல் குழைய வடித்த சோற்றில் சிறிது எடுத்து ஆறவைத்து அதன்முன் வைத்தார். மறுநாள் தடுப்பூசிக்கு அழைத்துப் போனபோது, மருத்துவர் கேட்பதற்கு முன்பே, தம் அரைகுறைக் கன்னடத்தில், முதல் நாள் மாலையிலிருந்து அந்தக் குட்டிக்குக் கொடுத்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.